வேண்டாம் என்பதன் பொருள்

காவல்செவி அன்று எல்லாவற்றையும் கேட்டது. கேட்டும் சும்மா இருந்துவிட்டது.

புளியங்கொட்டை அளவுள்ள அந்தக் கருவியைக் கோவைப் பெண்கள் பலரும் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்கள். பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. அணிந்திருப்பவளின் குரலில் ஆபத்து தெரிந்தால் அதுவே அருகிலிருக்கும் சுற்றுக்காவல் வண்டியை வரவழைத்துவிடும். இந்தக் கருவி வந்தபிறகு பேருந்து நிறுத்தங்களிலும் ஆளில்லாத தெருக்களிலும் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள். ஆனால் ரிஹானா என்ற செவிலி, மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் உடன் வேலை பார்த்தவனிடம் "வேண்டாம், விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது வண்டி வரவில்லை. யாரோ தற்செயலாகக் கதவைத் தட்டியதால் தப்பினாள்.

கருவியைத் திறந்து பார்க்கும் வேலை இளவெயினிக்கு வந்தது. காவல்செவியை உருவாக்கிய நிறுவனத்தில் அவள்தான் முதன்மைக் குரல் பொறியாளர். பழுது எதுவும் இல்லை. ரிஹானாவின் ஒவ்வொரு சொல்லையும் அது தெளிவாகப் பதிந்திருந்தது. பக்கத்திலேயே தன் தீர்ப்பையும் எழுதி வைத்திருந்தது: நெருக்கம். ஆபத்தில்லை.

"பெண் வேண்டாம்னு சொன்னா அது நெருக்கம்னு இதுக்கு யார் கத்துக்குடுத்தது?" என்று மேலாளர் பிரான்சிஸிடம் கேட்டாள்.

பிரான்சிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெருச் சத்தம், கடைவீதிச் சத்தம் எல்லாம் நாமளே பதிவு பண்ணோம். மூடின ரூமுக்குள்ள ஒரு பொண்ணோட குரல் எங்க கிடைக்கும், சொல்லுங்க? யார் வீட்டுக்குள்ள மைக் வைக்க முடியும்? வெளியில கொட்டிக் கிடந்தது ஒண்ணே ஒண்ணுதான்."

"எது?"

"ஆபாசப் படம். ஆயிரக்கணக்கான மணி நேரம்."

அவள் அந்தத் தொகுப்பைக் கேட்டுப் பார்த்தாள். படம் இல்லாமல் ஒலி மட்டும். கதை மாறினாலும் போக்கு மாறவில்லை. பெண் முதலில் வேண்டாம் என்பாள். அவன் கேட்கமாட்டான். சற்று நேரத்தில் அவள் சிரிப்பாள். இதையே இத்தனை முறை கேட்ட இயந்திரம், 'வேண்டாம்' என்பது சம்மதத்தின் முதல் படி என்று முடிவுகட்டியிருந்தது. அதைக் குறை சொல்லவும் முடியாது. அதற்குக் கிடைத்த உலகம் அவ்வளவுதான்.

ரிஹானாவிடம் இதை நேரில் போய்ச் சொன்னாள். ரிஹானா முழுவதையும் கேட்டாள். பிறகு, "நான் இன்னும் கத்தியிருக்கணுமா மேடம்?" என்றாள்.

எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டாம், நடிப்பை மட்டும் பிரித்தெடுத்துவிடலாம் என்று பிரான்சிஸ் நினைத்தார். அதற்காகத் தமயந்தியை அழைத்திருந்தார்கள். முன்பு அந்தப் படங்களில் நடித்தவள். இப்போது சிங்காநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒலியறையில் அமர்ந்து, தன் பழைய குரலை அடுத்தவர் குரல் போலக் கேட்டாள்.

"இதெல்லாம் எழுதிக்குடுத்த வசனங்க. ரெண்டு மூணு எடத்துல மட்டும் நான் நெசமாவே வேண்டாம்னு சொன்னேன். அவங்க கேமராவ நிறுத்தல."

"அந்த இடத்த மட்டும் காட்டுறீங்களா?"

தமயந்தி மறுபடியும் கேட்டாள். பின்னால் ஓட்டச் சொல்லி இன்னொரு முறை கேட்டாள். காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எனக்கே தெரியலைங்க."

"கடைசியில எல்லாத்துலயும் சிரிக்கிறீங்களே?"

"சிரிச்சாத்தானுங்க வீட்டுக்குப் போக முடியும்."

அன்றே இளவெயினி தொகுப்பு முழுவதையும் அழித்தாள். காவல்செவிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கப் பெண்கள் தங்கள் குரலைத் தரலாம் என்று அறிவித்தார்கள். ஆசிரியைகள், கல்லூரிப் பெண்கள், மில் தொழிலாளர்கள் வந்தார்கள். ரிஹானாவும் வந்தாள். எப்போதாவது உண்மையாகச் சொன்ன ஒரு மறுப்பை நினைத்துக்கொண்டு அதை அப்படியே சொல்லுங்கள் என்றுதான் அவர்களிடம் கேட்டார்கள். யாரும் அலறவில்லை. "இன்னிக்கு முடியாதுங்க." "தூக்கம் வருது." "சரி… வேண்டாமே." கோபம்கூட இல்லை, எதிரிலிருப்பவர் மனம் புண்படக்கூடாதே என்ற கவலைதான் இருந்தது. அந்தத் தணிந்த குரலுக்கு அடியிலிருந்த நடுக்கத்தை இயந்திரம் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது.

புதிய காவல்செவியை முதலில் நிறுவனத்துப் பெண்களும் மகளிர் காவலர்களும் அணிந்து பார்த்தார்கள். எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. தெருவிலிருந்து ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் வீடுகளிலிருந்து.

"ஒரே தலைவலி," என்றார் பிரான்சிஸ். "சுற்றுக்காவல் வண்டி குடும்பம் நடத்துற வீட்டுக் கதவைப் போய்த் தட்டுது. கமிஷனர் ஆபீஸ்லேருந்து சத்தம் போடுறாங்க."

"பிழையான்னு ஒவ்வொண்ணா பாத்தேன் சார். அனுமதி குடுத்தவங்களோட பதிவக் கேட்டேன். பிழை இல்ல."

"இளவெயினி, இத யார் வாங்குறா? அப்பா வாங்கறாரு, புருஷன் வாங்கறாரு. வெளி ஆளுகிட்டேருந்து காப்பாத்தத்தான் வாங்கறாங்க. அவங்க வீட்டுக்கே போலீஸ் வந்தா எவன் வாங்குவான்?" குரலைத் தணித்தார். "வீட்டு முறைன்னு ஒண்ணு வெச்சிடலாம். சொந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செவி தூங்கிடும். பாதுகாப்புச் சட்டப்படி முதன்மைப் பொறியாளர் ஒப்புதல் வேணும். திங்கக்கிழமை குடுத்துடுங்க."

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். உண்மையிலேயே யோசித்தாள். எரிச்சலில் ஜனங்கள் கருவியையே கழற்றி எறிந்துவிட்டால் தெருவில் கிடைத்த பாதுகாப்பும் போய்விடுமே என்று தோன்றியது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். கணவன் நித்திலன் பக்கத்தில் வந்து படுத்தான். நல்லவன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுத்துவிட்டுக் கஞ்சி வைப்பான். அவன் கை அவள் இடுப்பில் விழுந்தது.

"வேண்டாம் நித்தி. தலை வலிக்குது."

அவன் சிரித்தான். கையை எடுக்கவில்லை. "எப்பவும் இப்படித்தான் சொல்லுவ."

"வேண்டாமே, ப்ளீஸ்."

அவன் இன்னும் நெருங்கினான். காவல்செவி அவள் கழுத்தில் சூடாகி அதிர்ந்தது. முதலில் அவள் மனம் பழக்கத்தில் இது எந்த வகைப் பிழை என்றுதான் தேடியது. பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டது. அவள் எழுந்து கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

வண்டி சீக்கிரமே வந்தது. முத்துச்செல்வி என்ற காவலர் வாசலில் நின்றாள். நித்திலன் முந்திக்கொண்டான்.

"மெஷின் கோளாறுங்க. இதச் செஞ்சதே இவங்கதான். இப்பத்தான் சோதனையில இருக்கு."

முத்துச்செல்வி அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "கோளாறுங்களா மேடம்?"

நித்திலன் இளவெயினியின் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் பயமில்லை. என்ன நடந்தது என்பதே அவனுக்குப் புரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. இயந்திரம் படித்த பாடத்தை அவனும் எங்கோ, யாருக்கும் தெரியாமல், பதின்வயதிலிருந்தே படித்திருக்கிறான். இயந்திரத்திலிருந்து அதை அழிக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

"கோளாறு இல்லைங்க," என்றாள்.

"வெயினி, நான் என்ன பண்ணேன்?"

"அதத்தான் நாம பேசணும். இன்னிக்கே பேசணும்."

முத்துச்செல்வி அவனைச் சற்று வெளியே நிற்கச் சொன்னாள். அவன் செருப்புகூடப் போடாமல் மாடிப்படியில் போய் நின்றான். அவள் கதவைச் சாத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள். அடிபட்டதா? பயமாக இருக்கிறதா? இன்று எங்காவது போய்த் தங்க வேண்டுமா? இல்லை, இல்லை, வேண்டாம். புகாரும் வேண்டாம், ஆனால் கருவிப் பிழை என்று மட்டும் எழுதக்கூடாது என்றாள் இளவெயினி. சரி என்று தலையாட்டிய முத்துச்செல்வி கிளம்பாமல் நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? வீட்டு முறைன்னு ஏதோ வரப் போகுதாமே. எப்பங்க வரும்?"

"ஏன் கேக்கறீங்க?"

முத்துச்செல்வி சீருடைக் காலருக்குள் கைவிட்டுத் தன் சங்கிலியைத் தொட்டாள். காவல்செவி கோக்க வேண்டிய கொக்கி வெறுமையாக இருந்தது.

"என்னுதும் வீட்டுல அடிக்குதுங்க. கூட வேலை பாக்கறவங்களே வண்டியில வந்து எறங்கறாங்க. எத்தன தடவதான் கோளாறுன்னு சொல்லி அனுப்பறது? அது வந்துட்டா நிம்மதியா மாட்டிக்குவேன்."

"வராதுங்க," என்றாள் இளவெயினி. பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க."