நூற்றியிருபதாம் வரி

1988 ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. துப்பறியும் ஞானதாஸின் அறைக்குள் வந்த அறிவுச்செல்விக்கு வணக்கம் சொல்லக்கூடப் பொறுமை இல்லை. தாடிக்கொம்பு சாலையில் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவள் அவள். எந்தப் பஞ்சை எவ்வளவு கலப்பது என்று சொல்லும் புரோகிராமை வேண்டுமென்றே கெடுத்தாள் என்று அவள் பெயரை ஆலை வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வருகிறது.

"விலை குறைஞ்ச குட்டை இழைப் பஞ்சு நூத்துக்கு நாப்பத்தொண்ணுன்னு மேனேஜர்தான் சொன்னார். அதைத்தான் அடிச்சேன். இப்ப பதினாலுன்னு ஒரு தாளைக் காட்டுறார் சார்."

உதவியாளன் சுருளிவேல் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தான்.

ஆலையில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. குட்டை இழை கூடிப்போய் அறுந்து அறுந்து போகும் நூலைச் சின்னாளப்பட்டி நெசவாளர்கள் போன வாரம் மூட்டையோடு திருப்பிக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதலாளி மூக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மச்சினன் பொம்மையன்தான் மேனேஜர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். அச்சான தாளின் மறுபக்கத்தையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற அவருடைய உத்தரவு பிரிண்டருக்கு மேலே தொங்கியது.

மேனேஜர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட புரோகிராம் தாளை ரிஜிஸ்டரில் ஒட்டுவது அங்கே வழக்கம். மார்ச் 4 தேதியிட்ட தாளைப் பொம்மையன் விரித்துக் காட்டினார். நூற்றியிருபதாம் வரியில் 14 இருந்தது. இயந்திரத்தில் இருந்த புரோகிராமை அச்சடித்துப் பார்த்தால் அதே வரியில் 41. மற்ற வரிகளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

"அப்புறம் என்ன சார்? நான் கையெழுத்துப் போட்ட பெறகு இவ மாத்திட்டா," என்றார் பொம்மையன்.

சுருளிவேலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கட்சிக்காரியை அவன் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ஞானதாஸ் மட்டும் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒட்டிய பக்கத்தை வெயிலுக்கு நேரே செத்த நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, முதலாளியை அருகே அழைத்தார்.

"ரெண்டு தாளை ஒப்பிட்டா வித்தியாசம்தான் தெரியும் ஐயா. எது முந்தினதுன்னு தெரியாது. இந்தத் தாளுக்குப் பின்னாடி என்ன தெரியுது, படிங்க."

மூக்கையா கண்ணைச் சுருக்கினார். ஒட்டி மறைத்த பக்கத்து எழுத்து வெளிச்சத்தில் இடம்வலமாக மாறித் தெரிந்தது. முதல் ஷிப்ட் வருகைப் பட்டியல், ஜூன் 13.

"ஜூன்ல அச்சான பட்டியலுக்குப் பின்பக்கம் மார்ச்சில எப்படிப் புரோகிராம் அடிக்க முடியும்? அந்தப் பொண்ணு எதையும் மாத்தலை. தான் சொன்ன நாப்பத்தொண்ணு இருந்த தாள்லதான் உங்க மச்சினன் கையெழுத்துப் போட்டார். நூல் திரும்பி வந்ததும் அதைக் கிழிச்சிட்டு, பதினாலுன்னு மாத்தி ஒரு தாள் மட்டும் அச்சடிச்சுப் பழைய தேதியில ஒட்டியிருக்கார். புதுத்தாள் எடுக்க மனசு வரலை."

மூக்கையா குரலைத் தணித்து, இது குடும்ப விஷயம், நாளை முதல் வேலைக்கு வந்துவிடும்மா, சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார்.

வாசலில் ஜீப் நின்றது. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர், புகார் யார்மேல் என்று கேட்டார். முதலாளி மச்சினனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

அறிவுச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பேனா குடுங்க சார். நான் எழுதுறேன்."