ஓலையின் பின்புறம்

மேற்கு வானின் செம்மை மங்கி, மூங்கில் புதர்களுக்கு மேல் நிலவின் விளிம்பு எழுந்த வேளையில் கொள்ளிடம் அவசரமின்றி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் இருந்த நீண்ட கொட்டகையில், போரில் பிழைத்துச் சுரத்தில் வீழ்ந்த அறுபது வீரர்கள் அந்த நீரோசையைக் கேட்டபடி கிடந்தார்கள். அவர்களுக்கு ஒரு துளி நீரும் இல்லை. சுரம் கண்டவனுக்கு ஏழாம் நாள்வரை தண்ணீர் கூடாது என்பது பெருமருத்துவர் நக்கனார் வகுத்த விதி.

அன்பான வாசகர்களே, படித்துறையில் தனியே நிற்கும் பூவணியைப் பாருங்கள். கொட்டகையில் ஓலை எழுதுகிறவள். ஒவ்வொரு படுக்கையிலும் ஓர் ஓலை தொங்கும். அதன் முகப்பில் நக்கனார் சொல்லும் நாடிநிலையைக் குறிப்பது அவள் வேலை. இறந்தவனின் ஓலையை அன்று அந்தியில் ஆற்றில் விடுவது பாசறை வழக்கம். பூவணியோ பதினெட்டு நாளாக ஒன்றையும் விடவில்லை.

செய்தி அறிந்து நக்கனாரே அங்கு வந்தார். ஓலைகளைப் பகைவருக்கு விற்கவா சேர்க்கிறாய் என்று கேட்டார். அவள் ஓலைக்கட்டை நீட்டினாள். பின்புறத்தில் நோயாளிகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருப்பதாகவும், இறந்த முப்பத்தொரு பேரும் கடைசியில் தண்ணீரைப் பற்றியே பேசியதாகவும், கூரை ஒழுகிய மூலையில் மழைநீரை நக்கிய ஐவர் மட்டும் எழுந்து நடந்ததாகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நோயாளி பிதற்றுவான், பெண்ணே. நாடி பிதற்றாது."

"இதை மட்டும் கேளுங்கள், ஐயா. பிறகு தண்டியுங்கள்."

அன்று உச்சிப்போதில் இறந்து, பொழுது சாயுமுன் எரியூட்டப்பட்டவனின் ஓலை அது. கூற்றன் என்று பெயர் தந்திருந்தான். பூவணி வாசித்தாள்:

"என் தந்தையும் மருத்துவர். எனக்குச் சுரம் வந்தால் தண்ணீர்ச் செம்பை உறியில் ஏற்றிவிடுவார். அதை எட்டிப் பிடிக்கப்போய் விழுந்ததில் முன்பல் உடைந்தது. வெண்ணெய் திருட ஏறினேன் என்று அடித்தார். தாகம் என்று அவரிடம் சொல்ல அன்று வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை."

நக்கனார் அந்த ஓலையைக் கையில் வாங்கினார். எந்தப் படுக்கை என்று கேட்டார். வாசலோரம், தலைக்கட்டும் தாடியுமாகக் கிடந்தவன் என்றாள். முன்பல் உடைந்திருந்ததா என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"அவன் பெயர் கூற்றன் அல்ல. சேந்தன். எட்டு ஆண்டுக்கு முன் வீட்டைவிட்டுப் போன என் மகன்." அவர் தம் விரல்களைப் பார்த்தார். "மூன்று நாள் அவன் கையைப் பிடித்திருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை."

படியிறங்கி, முழங்கால் நீரில் நின்று, உள்ளங்கையில் ஆற்று நீரை ஏந்தினார்.

"இந்த நீர்மேல் ஆணை. ஓலையின் பின்புறத்தைப் படிக்காமல் இனி எவன் நாடியையும் தொடமாட்டேன்."

படித்துறையில் இருந்த குடத்தை நிரப்பி, தாமே சுமந்து கொட்டகைக்குள் நுழைந்தார். வாசலோரப் படுக்கை காலியாக இருந்தது. அங்கே சற்று நின்றார். பின் அடுத்த படுக்கைக்குப் போய்க் குனிந்து, முதலில் அவன் முகத்தைப் பார்த்தார்.