எட்டாவது ஸ்லாட்

ஏழு ரேம் செருகியிருந்த சர்வர், எட்டு இருப்பதாகச் சொன்னது.

திருச்செல்வம் மூடியைத் திறந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஏழுதான். ஓரத்து ஸ்லாட் காலி. எட்டாவதை வாங்க முதலாளி டத்தோவுக்குக் கை வரவில்லை. மூடியைப் போட்டு மறுபடி முடுக்கினான். விசிறிகள் கூச்சலிட்டு அடங்கின. திரையில் மறுபடியும் எட்டு.

தைப்பூசத்தன்று பிரிக்பீல்ட்ஸ் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும். சனமெல்லாம் பத்துமலைக்குப் போய்விட்டது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடந்தன. கீழே பூக்கடையில் மிஞ்சிய செவ்வந்தி மதிய வெயிலில் புழுங்கும் வாசனை படியேறி, ஆளில்லாத நடை வழியாக மூன்றாம் மாடிவரை வந்து, 'அண்டசராசரம் குளோபல் சொலூஷன்ஸ்' என்ற பித்தளைப் பலகைக்குக் கீழே நின்றது. குளோபல் என்பது மூன்று மேசை, ஒரு சர்வர் அறை, சுவர் அகலத்துக்கு டத்தோ சுகுமாறனின் படம். கம்பெனி பார்ப்பது ஜாதகப் பொருத்தம். டத்தோ அதை ஏஐ என்பார். நாளை திறப்பு விழா. 'மின்னல் வேகத்தில் உங்கள் விதி' என்று பேனர்கூடக் கட்டியாகிவிட்டது. அந்த மின்னல், பங்சாரில் ஏதோ ஆபீஸ் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய சர்வர்.

போன் அடித்தது. டத்தோதான்.

"செல்வம், மெசின் எழுந்திரிச்சிச்சா?"

"எழுந்திரிச்சிருச்சி டத்தோ. ஆனா ரேம் ஸ்பீடு கம்மியா நிக்குது. ஒவ்வொண்ணும் ஒரு பிராண்டு. ஏத்தினா எரர் வரும் போல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. வி.ஐ.பி.ங்ககிட்ட ஃபுல் ஸ்பீடுன்னு சொல்லிட்டேன். முடிச்சிட்டுப் போ."

"இன்னிக்கு மக வருது டத்தோ..."

"வரட்டுமே! குளோபல் கம்பெனி எப்படி இருக்கும்னு பாக்கட்டும்."

மலர்விழி கிள்ளானில் தாயோடு இருந்தாள். திருச்செல்வத்துக்குச் சுங்கை பூலோவில் ஓர் அறை, எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சிவிடும் சோறு, அழைப்பு வராத போன். முன்பெல்லாம் மகளை வரச் சொல்லிவிட்டு, வேலை வேலை என்று ஸ்டேசனில் காக்க வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறான். இன்று முதன்முறையாகத் தனியாக ரயிலேறி, ஆபீசுக்கே வருகிறாள். இரண்டு பேருமாய்க் காவடி பார்க்கப் போவதாகப் பேச்சு. "இந்த வாட்டியும் ஏமாத்தினா இனிமே கேக்கவே மாட்டேம்ப்பா" என்றிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

ஷா ஆலம் தாண்டிவிட்டதாக அவளிடமிருந்து செய்தி வந்தது. நேரம் இருந்தது. மெசினின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய் ரேம் வேகத்தை ஒரு படி ஏற்றி, சேமித்தான்.

ஒவ்வொரு முறை எழும்போதும் மதர்போர்டு தன் ரேம்களுக்குப் பயிற்சி கொடுக்கும். எந்த வேகத்தில் கேட்டால் எது தடுமாறாமல் பதில் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். அந்தக் கருப்பின் எதிரே உட்கார்ந்திருந்தபோது, தன் மண்டைக்குள்ளேயே யாரோ கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவதுபோல அவனுக்கு இருந்தது. ஏசிக் குளிரில் சந்தன வாசனை வந்தது. பிறகு திரை விழித்தது. எட்டும் சரி.

மலரின் குரல் செய்தி: "அப்பா, அம்மா உங்களுக்கு அதிரசம் குடுத்து விட்டிருக்காங்க. கோவம் தீந்திருச்சி போல!"

சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு. மனைவியின் பெயரைச் சொல்லி நன்றி சொல்லச் சொல்லலாம் என்று வாயெடுத்தான். பெயர் வரவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோலத் துழாவினான். தாலி கட்டிய கழுத்து நினைவிருந்தது. அதற்கு மேலே முகம் இல்லை.

தூக்கமில்லாததுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டான். எட்டாவது ஸ்லாட்டின் விவரத்தைத் திறந்தான். தயாரிப்பாளர்: காலி. வரிசை எண்: பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறும் அவன் பிறந்த தேதி. பர்ஸிலிருந்து ஐசியை, அடையாள அட்டையை, எடுத்து வைத்துப் பார்த்தான். கடைசி எண்வரை அவனேதான்.

மறுபடியும் மூடியைத் திறந்தான். இப்போது கண்ணில் பட்டது. காலி ஸ்லாட்டின் பள்ளம் நெடுக அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். நேற்றைய பூஜை. புது மெசினுக்கு அர்ச்சனை செய்ய வந்த ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். சர்வருக்கு ஏது நட்சத்திரம்? டத்தோ தன்னுடையதைச் சொல்லவில்லை. ஜாதகக் கம்பெனி நடத்துகிறவருக்கு அது தொழில் ரகசியம். "நம்ம செல்வம் பேர்ல செஞ்சிடுங்க சாமி. அவந்தானே கூடவே கிடக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திருச்செல்வம், உத்திராடம், மகர ராசி என்று ஐயர் மெசினைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சந்தனத்தைக் காலியாகத் தெரிந்த இடத்தில் விரலால் அழுத்தினார்.

நேற்று வைத்த சந்தனம். இன்னும் காயவில்லை. தொட்டான். உடம்புச் சூடு.

போதும். நிறுத்திவிட்டு சென்ட்ரல் ஸ்டேசனுக்கே போய்விடலாம். பிளாட்பாரத்திலேயே நிற்கலாம். டத்தோ திட்டட்டும். எழுந்தான். சுவிட்சை நோக்கிக் கை நீட்டினான்.

எதற்கு எழுந்தோம்?

கை காற்றில் நின்றது. விசிறிகள் மெல்ல மூச்சு விட்டன. திரையில் ஒரு சிவப்பு வரி மின்னியது: ரேம் பிழை. ஓ, அதற்குத்தான். அவன் உட்கார்ந்தான். ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட். கலப்பட ரேமுக்குப் போதாது. எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். கை தானாகப் போனது. ஒன்று புள்ளி ஐந்து. வேகம், உச்சம். சேமி.

கருப்பு.

தட்டும் சத்தம்.

உள்ளே ஒரு கதவு. இன்னொன்று. இன்னொன்று.

போன் ஒளிர்ந்தது. 'மலர்' என்று இருந்தது. யாரோ. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சத்தம் வேலையைக் கெடுத்ததால் கவிழ்த்து வைத்தான்.

திரை விழித்தது. எட்டும் சரி. முழு வேகம். பிழை எதுவும் இல்லை.

வேலை முடிந்தவன் வெளியே வந்து, சர்வர் அறைக் கதவைச் சாத்தினான். அதற்குப் பிறகு எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. பெரிய படத்துக்குக் கீழே நின்றான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண். மஞ்சள் பாவாடை தாவணி, கையில் டிபன் கேரியர், வியர்வை.

"போன் எடுக்க மாட்டீங்களா லா! படியில ஒரே இருட்டு. பயந்தே போயிட்டேன்."

கதவைத் திறந்தான். "யாரப் பாக்கணும்மா?"

"விளையாடாதீங்கப்பா."

"இன்னிக்கு ஆபீஸ் லீவும்மா."

அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "அப்பா?"

அப்போது சாத்திய கதவுக்கு உள்ளிருந்து ஓர் ஆண்குரல், அன்பாக, கொஞ்சம் கெஞ்சலாகக் கூப்பிட்டது:

"வந்துட்டியா மலரு? இங்க இருக்கேம்மா. அதிரசம் கொண்டாந்தியா?"

அந்த அறையில் யாரும் இல்லை. அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக "அப்பா!" என்று அந்தக் குரலை நோக்கி அவனைத் தாண்டி ஓடினாள். வந்தவர்களுக்குக் கதவு திறந்துவிடுவதுதானே மரியாதை. அவன் முந்திப் போய்த் திறந்துவிட்டான். அவள் உள்ளே போனதும் பூப்போலச் சாத்தினான்.

நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

உள்ளே இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, ஒருவர் மட்டும். ஆண்குரல்.