வரிசையில் மூன்றாவது ஆள்

தகடு அழுத்தும் எட்டாம் நம்பர் பிரஸ்ஸின் மெயின் சுவிட்சில் ஜெயப்ரியா மாட்டிய சிவப்புப் பூட்டு ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடியில் இன்னொரு பூட்டும் தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய பூட்டு. அதோடு கட்டியிருந்த அட்டையில் பெயரும் போட்டோவும் தேய்ந்து போயிருந்தன.

அந்தக் கம்பெனியில் அது கண்டிப்பான வழக்கம். மெஷினுக்குள் கையோ தலையோ விடுகிறவர் மெயினை அணைத்து, தன் பெயரட்டையோடு தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது.

மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் சௌந்தரராஜன் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் போட்டுக் கேட்டாள். "அது சாவி தொலஞ்ச பூட்டு மேடம். அதப் பாத்துட்டு நிக்காதீங்க. காலைல ஆறு மணி ஷிப்டுக்கு பிரஸ் ஓடணும்" என்றார் மேளச் சத்தத்துக்கு நடுவே. எந்தப் பூட்டு, என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவளுக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்ப்ரஸர் கூட ஓடாத ஷெட்டில், வெயிலில் தகரக் கூரை விரிந்து படபடக்கும் சத்தமும், பெங்களூர் ரோட்டில் போகும் லாரிகளின் ஹாரனும், எங்கோ ஒரு குழாயிலிருந்து எண்ணெய் சொட்டும் சத்தமும் ஒன்றின் பின் ஒன்றாக வந்து அடங்கின. இரும்புத்தூளும் கிரீஸும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. அவளைத் தவிர, தூரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த நாராயணம்மா ஒருத்திதான் அங்கே.

பிரஸ்ஸை நடத்தும் கணினியின் கெர்னலை, எந்த வேலை எப்போது ஓடலாம் என்று தீர்மானிக்கும் அடி நிரலை, எழுதியவள் ஜெயப்ரியா. அதில் ஒரு நிரல், ஆபரேட்டரின் இரண்டு கைகளும் இரண்டு பச்சைப் பொத்தான்களில் இருக்கின்றனவா என்று பார்க்கும். இன்னொன்று மேலிருக்கும் இரும்புத் தலையைக் கீழே இறக்கும். இரண்டும் ஒரே கணத்தில் முண்டியடித்துக்கொண்டு நுழைந்தால், கை இருக்கும் இடத்திலேயே தலை இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை அப்படித்தான் இறங்கியது. ஆபரேட்டர் மன்சூரின் கையுறை மட்டும் போனது. அப்பளம் போல் தட்டையான அதை அவன் கொண்டுவந்து நீட்டியபோது, தப்பு தன்னுடையது என்று தெரிந்து அவளுக்குக் கூசியது. நாளைக்கும் அதே பிரஸ்ஸில் அவன்தான் கை வைக்கப் போகிறான்.

அதனால் நிரலுக்குள்ளும் ஒரு பூட்டு வைத்திருந்தாள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். மோதல் நின்றது. ஆனால் பிரஸ் இப்போது நடுநடுவே உறைந்து நின்றது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று லேப்டாப்பில் பதிவைத் திறந்தாள். வரிசையில் இரண்டு பேர்தான் இருக்க வேண்டும். மூன்று பேர் இருந்தார்கள்.

மூன்றாவதற்குப் பெயர் இல்லை. பூட்டை அதுதான் பிடித்திருந்தது, விடவில்லை. சௌந்தரராஜன் உற்பத்திக் கணக்கைக் கூட்டிக் காட்ட ரகசியமாக எதையாவது ஏற்றியிருப்பார் என்று வரி வரியாகத் தேடினாள். ஒன்றும் இல்லை. மெயினில் சேராத தனி மின்சாரத்தில் ஓடும் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மூன்று பேர்.

நாராயணம்மா துடைப்பத்தோடு, பிரஸ்ஸைச் சுற்றித் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். எட்டாம் பிரஸ்ஸுக்குக் கிட்டே அவள் வருவதில்லை. ஜெயப்ரியா பழைய பூட்டைக் காட்டிக் கேட்டதும் அவள் இன்னும் ஓரடி பின்னால் போனாள்.

"இங்க பிட்டரா இருந்த திம்மப்பனோடதும்மா அது. ரெண்டு வருசம் முன்னாடி. இவரு உள்ள வேல பாத்துட்டு இருக்கையிலயே, ஷிப்டு பஸ்ஸு போயிருமேன்னு கூட்டாளி இவரு கார்டயும் சேத்து வெளிய போறதா பஞ்ச் பண்ணிட்டான். ஆளு வீட்டுக்குப் போயிட்டாரு, பூட்ட மறந்துட்டாருன்னு சௌந்தரராஜன் சாரு கட்டர வெச்சு வெட்டிட்டு மெஷின ஓட்டிட்டாரு. இவரு உள்ளயே செத்துட்டாரு. பூட்டே போடாம உள்ள போனாருன்னு எழுதிட்டாங்க."

துடைப்பத்தால் ஸ்கிராப் தொட்டிப் பக்கம் காட்டினாள். "வெட்டுன பூட்ட நாந்தான் பெருக்கி ஸ்கிராப்புல போட்டேன்."

கைப்பிடியில் தொங்கிய பூட்டு முழுதாக இருந்தது. வேறு பூட்டாக இருக்கும் என்று ஜெயப்ரியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நிமிர்ந்தபோது நாராயணம்மா போய்விட்டிருந்தாள்.

நாலு மணிக்கு சௌந்தரராஜனே கூப்பிட்டார். வரிசை நகராததை அவள் சொன்னதும், பத்து செகண்டில் விடாவிட்டால் நிரலே பூட்டைப் பிடுங்கிக்கொள்ளும்படி எழுதிவிடச் சொன்னார். பிடித்திருப்பது யாரென்று தெரியாமல் பிடுங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சுத்தமாகத் தேடி முடிக்க இன்னும் ஒரு நாள் வேண்டும், அந்த ஒரு நாள் இல்லை. இரண்டு வரி எழுதினாள். ஏற்றினாள். தன் பூட்டைத் திறந்து மெயினைப் போட்டாள். பெட்டியோடு சேராமல் கைப்பிடியில் மட்டும் கோத்திருந்த பழைய பூட்டு அதைத் தடுக்கவில்லை.

பத்தாவது செகண்டில் சுவிட்சுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இரும்புத் தலை சீராக இறங்கி ஏறியது. முப்பது முறை ஓட்டினாள். ஒரு முறை கூட நிற்கவில்லை. பதிவில் இரண்டே பேர். அப்பாடா என்றிருந்தது.

சோதனைக்காகக் கழற்றி வைத்த சென்ஸார் மூடியைப் பிரஸ்ஸுக்குள்ளே மாட்டினால் வேலை முடிந்தது. மெயினை அணைத்தாள். தன் பூட்டை மாட்டினாள், இருமுறை இழுத்துப் பார்த்தாள், சாவியைப் பாக்கெட்டில் போட்டாள். பழைய பூட்டு கைப்பிடியில் இல்லை. நாராயணம்மா எடுத்திருப்பாள். ஸ்க்ரூ டிரைவரோடு இடுப்பு வரை உள்ளே நுழைந்தாள்.

உள்ளே இருட்டு. கிரீஸ் வாடை. அதோடு இன்னொரு வாடை, பழைய ரத்தம் போல.

மூடியை மாட்டினாள். தலையைத் திருப்பியபோது, சுவிட்சுப் பெட்டியடியில் தரையில் பழைய பூட்டு கிடந்தது. வளையம் வெட்டப்பட்டிருந்தது. வெட்டு புதிதாகப் பளபளத்தது.

தள்ளுவண்டி மேல் பேட்டரியில் ஓடிய லேப்டாப்பில் புதிதாக ஒரு வரி. வரிசையில் மூன்று பேர். பூட்டைப் பிடித்திருப்பவர்: ஜெயப்ரியா.

அந்தப் பெயரை அவள் எங்கும் எழுதவில்லை.

மூன்று செகண்ட். நாலு.

வெளியே வர உடம்பை இழுத்தாள். கழுத்து அடையாள அட்டையின் நாடா கீழ்ப் போல்ட்டில் சிக்கியிருந்தது. இழுத்தாள். இறுகியது.

"யாரு?" என்றாள். "உள்ள ஆள் இருக்கேன்."

ஏழு.

சுவிட்சருகே இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். யாரும் இல்லை. அவள் போட்டோ ஒட்டிய அட்டையோடு அவள் பூட்டு கீழே விழுந்தது. சாவி அவள் பாக்கெட்டிலேயே இருந்தது.

மெயின் கைப்பிடி மெல்ல மேலே திரும்பியது.

பத்து.

எதிரே இரண்டு பச்சைப் பொத்தான்களும் ஒரே நேரத்தில் உள்ளே அமுங்கின. அவற்றின் மேல், பத்து விரல்களும் தெளிவாக, எண்ணெய்க் கைத்தடம் இரண்டு.