பூதம் பேசிய ஒரே வார்த்தை

தன் வகுப்புக்காக லோவா எழுதிய நாடகத்தில் ஒரு மலைப்பூதம் இருந்தது. பனியில் வழி தவறிய ஆட்டுக்குட்டியை அது இரவு முழுக்கச் சுமந்து பண்ணைக்குக் கொண்டுவரும். வாசலை அடையும்போது விடிந்துவிடும். வெயில் பட்டால் பூதம் கல்லாகிவிடும் என்பது ஐஸ்லாந்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கல்லாவதற்கு முன் பூதம் பேசும். இரண்டு பக்கம் பேசும்.

“விடியலே! என் விழிகளின் கடைசி விருந்தே!” என்று தொடங்கும் அந்த வசனத்தில் லோவாவுக்கு அவ்வளவு பெருமை. அவளுக்குப் பிடித்த நாடக ஆசிரியர் ரான்வெய்க். குளிர்காலம் வந்தால் ஊர் மன்றத்தில் அவருடைய நாடகம் ஒன்று கட்டாயம் நடக்கும். அவரைப் போலவே எழுதிவிட்டதாக லோவா நினைத்திருந்தாள்.

பூத வேடத்தை ஓர்ரி கேட்டு வாங்கியிருந்தான். வகுப்பிலேயே உயரமானவன். பேசும்போது அவனுக்கு வாய் திக்கும். ஆனாலும் ஆசை.

வெள்ளிக்கிழமை ஊர் மன்றத்தில் நாடகம். புதன்கிழமை ஒத்திகையில் ஓர்ரி மேடை நடுவில் நின்றான்.

“வி... வி... விடி...”

“சீக்கிரம்டா!” என்று கத்தினான் கூட நடிக்கும் சிந்த்ரி. “நீ முடிக்கிறதுக்குள்ள சூரியன் வந்து, உக்காந்து, காபி குடிச்சிட்டே போயிடும்!”

வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டியும் சிரிப்பு அடங்கவில்லை. ஓர்ரி கம்பளித் தாடியைக் கழற்றி லோவாவின் கையில் கொடுத்தான்.

“வே... வேற யாருக்காவது குடுத்துடு. என்னால உன் நாடகம் கெட வேணாம்.”

லோவா பதில் சொல்வதற்குள் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் லோவா மன்றத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே அம்மாவுக்கும் ஒத்திகை. ரான்வெய்க்கின் நாடகத்தில் அம்மா மீனவர்கள் இருவரின் தாய். இரண்டு மகன்களும் கடலுக்குப் போயிருப்பார்கள். அம்மா இரண்டு தட்டில் சூப் ஊற்றி வைத்துக் காத்திருப்பாள். கதவு திறக்கும். ஒரு மகன் மட்டும் உள்ளே வருவான்.

அம்மா அவனைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, அதிலிருந்த சூப்பை மெதுவாகப் பானையில் திரும்ப ஊற்றினாள்.

அவ்வளவுதான். லோவாவின் கன்னம் நனைந்துவிட்டது.

ஒத்திகை முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டாள். “அம்மா, அந்த இடத்துல பெரிய வசனம் ஒண்ணு உண்டே! போன தடவை கேட்டேனே!”

“வசனமா? அங்க எப்பவுமே ஒரு வார்த்தைகூட கெடையாது. எனக்கு மனப்பாடம் பண்ற வேலை மிச்சம்.”

லோவா திகைத்துப்போனாள். அப்படியானால் அவள் கேட்டது யாருடைய குரல்? வீடு வரும்வரை யோசித்தாள். மேடையில் யாரும் பேசாததால், அவள் மனசுதான் பேசியிருக்கிறது!

வீட்டுக்கு வந்து பூதத்தின் இரண்டு பக்க வசனத்தையும் கோடு போட்டு அடித்தாள். ‘கடைசி விருந்தே’ வரும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அதையும் அடித்தாள்.

மறுநாள் காலை ஓர்ரியின் வீட்டு வாசலில் நின்றாள்.

“வசனம் முழுக்கப் போச்சு ஓர்ரி!”

அவன் முறைத்தான். “எ... எனக்காக ஒண்ணும் பாவம் பாக்க வேணாம்.”

“உனக்காக இல்லடா. கழுத்துல வெயில் சுடும்போது எவன் ரெண்டு பக்கம் பேசுவான்? சிந்த்ரி சொன்னது சரிதான். அவன்கிட்ட சொல்லிடாத, தலைக்கனம் ஏறிடும்.”

ஓர்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப பூதம் என்ன பண்ணும்?”

“அதான் தெரியல. நீ பூதமா இருந்தா என்ன பண்ணுவ?”

ஓர்ரி யோசித்தான். “குட்டிக்குக் கு... குளிருமே. என் கம்பளிச் சட்டையைக் கழட்டிப் போர்த்துவேன். அப்புறம் ‘ஓடு’ன்னு சொல்வேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு வேணும்.”

“அது உனக்குத்தான்!” என்று தாடியை நீட்டினாள் லோவா.

வெள்ளிக்கிழமை. விளக்கு மஞ்சளாகி, ‘சூரியன்’ வந்தது. ஓர்ரி சட்டையைக் கழற்றி, குட்டியாக நடித்த ஒன்றாம் வகுப்பு பிர்னாவுக்குப் போர்த்தினான்.

“ஓ... ஓ...”

திரைக்குப் பின்னால் லோவா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவன் தொண்டைவரை கல் ஏறிவிட்டதென்றே எல்லாரும் நினைத்தார்கள்.

“ஓடு!”

ஓர்ரி கையை நீட்டியபடி கல்லாகி நின்றான். ஆனால் பிர்னா ஓடவில்லை! அவன் காலைக் கட்டிக்கொண்டு, “நான் போகமாட்டேன்!” என்று நிஜமாகவே அழுதாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று லோவா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, பண்ணைக்காரனாக நடித்த சிந்த்ரி குட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான். கல்லின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

விளக்கு அணைந்தது. அப்புறம் எழுந்த கைதட்டலில் மன்றம் அதிர்ந்தது.

லோவா மேடைக்கு ஓடினாள். ஓர்ரி இன்னும் கையை நீட்டியபடியே நின்றான்.

“முடிஞ்சிடுச்சு ஓர்ரி! அசையலாம்!”

“அப்பாடா!” என்றான் பூதம். “எ... எவ்வளவு நேரமா மூக்கு அரிக்குது தெரியுமா!” என்று இரண்டு கையாலும் ஆசை தீரச் சொறிந்துகொண்டான்.