நீல மெழுகு வைத்த பாட்டில்

போன் அலறியது.

பெரம்பலூரில், காய்ச்சல் ஆராய்ச்சிக்கென்று இருந்த சின்ன லேப். 1984, ஐப்பசி மாதம். டெக்னீஷியன் சாந்தி மேரி ரிசீவரை எடுத்தாள்.

"அரியலூர்லேருந்து எஸ்.ஐ. தர்மராஜ் பேசறேம்மா. தா.பழூர்ல பாவாடைன்னு ஒருத்தன் காய்ச்சல்ல ரத்த வாந்தி எடுத்துச் செத்துட்டான். கஞ்சியில விஷம்னு அண்ணன் தம்பிங்க புகார். பொண்டாட்டி காத்தாயியப் புடிச்சு வச்சிருக்கோம். அவன் சட்டைப்பையில, காய்ச்சல் தடுப்பு மருந்துன்னு ஊசி பாட்டில் ஒண்ணு... பாதி இருக்கு. பாத்துச் சொல்லுங்க. அதுலதான் அந்தம்மா கதி இருக்கு."

பாட்டில் வந்தது.

மூடியைச் சுற்றி நீல மெழுகு.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் மெழுகுவர்த்தி. அதை உருக்கி மருந்து பாட்டிலை மூடுகிற கம்பவுண்டர் ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும்.

அப்பா. மரியசூசை.

அவள் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தாள்.

இரண்டு குப்பிகளில் உயிருள்ள செல்கள். ஒன்றில், ஊரில் பரவியிருந்த டெங்குக் காய்ச்சலின் வைரஸ் மட்டும். மற்றதில் வைரஸோடு அந்த மருந்து.

நாலு நாள்.

மருந்து விட்ட குப்பியில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது.

"தடுப்பு மருந்து தடுக்க வேணாமா?" என்றார், முடிவு கேட்க லேப்புக்கு வந்திருந்த தர்மராஜ்.

"இது காய்ச்சல்ல பொழச்சவங்க ரத்தத்துலேருந்து எடுத்தது சார். கெட்டியா இருந்தா வைரஸைக் கட்டிப் போடும். தண்ணி கலந்தா அரைகுறையாத்தான் ஒட்டும். செல்லு அதைப் புடிச்சு, வைரஸோட சேத்து உள்ள இழுத்துக்கும்."

"திருடனை ஜீப்புல ஏத்தி, வூட்டுக்குள்ளயே எறக்கி வுட்ட மாதிரி."

"மனுஷ உடம்புலயும் இதான் நடந்துச்சான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா ரத்த வாந்திக்கு விஷம் வேணாம், இதுவே போதும். காத்தாயிய வுட்டுடுங்க." நிறுத்தினாள். "ஊசி போட்டது எங்கப்பா."

வரதராஜன்பேட்டை. அவளும் தர்மராஜும் போய் இறங்கியபோது மரியசூசை ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா மருந்துல சலைன் தண்ணியக் கலந்தீங்க?"

"வரிசையில அம்புட்டு சனம் நின்னுச்சு. யாரத் திருப்பி அனுப்பறது? மத்தவங்க நல்லாத்தாம்மா இருக்காங்க. பாவாடை ஒருத்தன்தான், தனக்குப் போட்டுக்கிட்டு, பொண்டாட்டி நடவுக்குப் போயிருக்கான்னு அவ பங்கைப் பாட்டிலோட வாங்கிட்டுப் போனான்."

சட்டைப்பையில் இருந்த பாதி பாட்டில், காத்தாயியின் பங்கு.

"யாரு ரத்தம்ப்பா?"

அவர் அவளையே பார்த்தார்.

"போன வருசம் நீ காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சப்ப எடுத்தது. நாலு பேருக்கு ஒதவும்னு நீதானம்மா கையை நீட்டுன..."

சாந்தி மேரி தன் முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்தாள். தழும்புகூட இல்லை.

தர்மராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கைரேகையை வுட்டுட்டுப் போனவங்களப் புடிச்சிருக்கேன்... ரத்தத்தையே வுட்டுட்டு, அதையே டெஸ்ட்டும் பண்ணிக் குடுத்த மொத ஆளு நீங்கதாம்மா!"