மூன்று கட்டை மேலே

ட்ரவுன் ஏரிக்கரையில் நாங்கள் மூன்று பேரும் பேருந்தை விட்டு இறங்கியபோது மதியம் பன்னிரண்டுகூட ஆகவில்லை. அதற்குள் கடைக்காரர்கள் விளக்கைப் போட்டிருந்தார்கள். நவம்பரில் அங்கே அப்படித்தான். மூடுபனி தண்ணீரிலிருந்து கிளம்பித் தெருவுக்கு வந்து, நம் காலர் வழியாக உள்ளே இறங்கும்.

என் கணவர் ஓட்மார் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். ஒன்று அவருடையது. இன்னொன்று ஆஃப்ராவுடையது. என் பெட்டியை நான்தான் தூக்கினேன். அற்பமான விஷயம் என்பீர்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு மனுஷனுக்குச் சமைத்துப் போட்டு, அவர் எழுதிய புத்தகங்களுக்கெல்லாம் தட்டச்சும் அடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து சொல்லுங்கள்.

ஆஃப்ரா பாடகி. வயது இருபத்தொன்பது. பெண்களிலேயே தாழ்ந்த குரல் அவளுக்கு. பாட வேண்டாம், "உப்பை இப்படித் தள்ளுங்க" என்று சொன்னாலே போதும், சாப்பாட்டு மேஜையில் எல்லா ஆண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் பியானோக்காரி. பாடுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவள். அறிவிப்புத் தாளில் என் பெயர் கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கும்.

போய்ச் சேர்ந்த இடம் இசையமைப்பாளர் கயெத்தான் ஷ்ராமின் கோடை வீடு. அவர் செத்து எண்பது வருஷம் ஆகிறது. இப்போது அது நினைவில்லம். கதவைத் திறந்த காவல்கார அம்மாள் சென்சி, ஓட்மாரைப் பார்த்துக் கைகுலுக்கினாள். பிறகு நேரே ஆஃப்ராவிடம் போனாள்.

"வாங்க டாக்டரம்மா! கை இப்படிச் சில்லிட்டுப் போயிருக்கே!"

எங்கள் ஊரில் புருஷன் படித்து வாங்கிய டாக்டர் பட்டம் பெண்டாட்டிக்கும் சேரும். ஆஃப்ரா சிரித்துவிட்டாள். ஓட்மாரும் சிரித்தார். "நான்தான்மா டாக்டரம்மா," என்றேன்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க. பெட்டியைத் தூக்கிட்டு வந்தீங்களா, நான் யாரோன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

சமையலறையில் காபியும் திராட்சை கேக்கும் வந்தன. அங்கே வைத்துத்தான் ஓட்மார் அந்தப் பாட்டின் கதையைச் சொன்னார். என்னிடம் ஏற்கெனவே சொன்னதுதான். ஆஃப்ராவுக்காக இன்னொரு தடவை, இன்னும் அழகாகச் சொன்னார்.

பாட்டின் பெயர் 'தாழிடாத கதவு'. ஒரு குரல், ஒரு பியானோ, மூன்று சரணம். எங்கள் நாட்டில் இசை படிக்கிற பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். உச்சத்தில் பாடுகிறவர்களுக்கான பாட்டு என்றுதான் எண்பது வருஷமாக அச்சாகி வருகிறது. ஆனால் ஷ்ராம் அதை அப்படி எழுதவே இல்லையாம். ஒவ்வொரு கோடையிலும் இந்த வீட்டுக்கு வந்த தெக்லா என்ற பாடகிக்காக, அவளுடைய தாழ்ந்த குரலுக்காக எழுதினார். எழுதி முடித்த வாரமே பக்கவாதம் வந்து, வாய் பேச முடியாமல் படுத்துவிட்டார். அவருடைய தாள்களை எல்லாம் நல்ல பிரதி எடுப்பது மனைவி வால்புர்காவின் வேலை. அவள் இந்தப் பாட்டையும் பிரதி எடுத்தாள். எடுக்கும்போது மூன்று கட்டை மேலே தூக்கிவிட்டாள்.

"அவ்வளவுதான் செஞ்சா," என்றார் ஓட்மார். "ஒரு சுரத்தை மாத்தல, ஒரு சொல்லை மாத்தல. மொத்தப் பாட்டையும் மூணு கட்டை தூக்கிட்டா. இந்த வீட்டு ஹால்லதான் முதல் அரங்கேற்றம். தெக்லா நிக்கறா, வால்புர்கா வாசிக்கறா. அம்பது பேர் முன்னாடி 'எனக்கு எட்டாது'ன்னு சொல்ல அவளுக்கு வெக்கம். பாடினா. மூணாவது சரணத்துல குரல் உடைஞ்சுது. அப்புறம் சாகற வரைக்கும் அவ பாடவே இல்ல."

"பாவி," என்றாள் ஆஃப்ரா.

நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வால்புர்கா எத்தனை கோடை பொறுத்திருப்பாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஷ்ராம் கையால் எழுதிய மூலத்தாள் ஒரு பழைய புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிக் கிடந்ததை ஓட்மார்தான் கண்டுபிடித்திருந்தார். மறுநாள் ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, அதே ஹாலில், அதே பியானோவில், பாட்டு முதல் தடவையாக அதன் சொந்தச் சுருதியில் ஒலிக்கப் போகிறது. வானொலிக்காரர்கள் வருகிறார்கள். ஆஃப்ராவுக்கு இது பெரிய வாசல். ஓட்மாருக்கு வாழ்நாள் உழைப்பு. எனக்கு? பொடி எழுத்து.

"நாங்க ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வர்றோம் ஹெர்மி. நீ கொஞ்சம் வாசிச்சுப் பாரேன்," என்றார் ஓட்மார்.

நாங்க. அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக அவர் வாயிலிருந்து வந்தது!

ஹாலில் கணப்பு எரிந்துகொண்டிருந்தும் குளிர்ந்தது. கற்பூர வாசனை. அதோடு ஈரக் கம்பளி வாசனை. பியானோவுக்கு முன்னால் நீளமான பெஞ்சு. இடப்பக்கம், வாசிக்கிறவருக்குத் தாள் புரட்டுகிறவர்களுக்கான நாற்காலி. மூலத்தாளை முன்னால் விரித்து வைத்து ஆரம்பித்தேன்.

நான்கு வரி போனதும் நிறுத்தினேன். என் கை தாளில் இருந்ததை வாசிக்கவில்லை. மூன்று கட்டை மேலே, அச்சில் வந்த சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தது.

பழக்கதோஷம் என்று நினைத்தேன். இருபது வருஷமாக அப்படித்தானே வாசித்திருக்கிறேன். மறுபடியும் ஆரம்பித்தேன். மறுபடியும் கை மேலே போனது. இந்தத் தடவை அது போவதை நான் பார்த்தேன். போகாமல் இருக்க மணிக்கட்டை இறுக்கினேன்.

என் புறங்கை மேல் ஏதோ குளிர்ந்தது.

ஐந்து விரல்கள். என் ஐந்து விரல்கள் மேல், ஒவ்வொன்றாகப் படிந்தன.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் தோல் அந்த இடங்களில் அமுங்கியது. மோதிரம் ஒன்று என் விரல் எலும்பில் உறுத்தியது. இடப்பக்க நாற்காலி முனகியது, யாரோ உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்தது போல.

"மேலே," என்றது காதருகே ஒரு குரல். மூச்சு மட்டும்தான். சத்தமே இல்லை.

"யாரு?"

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கொஞ்சம் விலகியது. படகுத்துறையில் ஓட்மார் தன் கழுத்துத் துணியைக் கழற்றி ஆஃப்ராவின் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். சாம்பல் கம்பளி. போன கிறிஸ்துமஸுக்கு நான் பின்னிக் கொடுத்தது.

"பாரு," என்றது குரல்.

நான் எழுந்து ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும். அந்த வீட்டில் என்னைப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான் என்று அந்த நிமிஷம் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

அவர்கள் திரும்பி வந்ததும் ஒத்திகை பார்த்தோம். ஆஃப்ரா பாட ஆரம்பித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒரு கணம் வாசிக்க மறந்துபோனது. எண்பது வருஷம் பறவை போலக் கீச்சிட்ட பாட்டு அது. இப்போது ஒரு பெண் இருட்டுக்குள் நின்று தனக்குள்ளே பேசுவது போல ஆகிவிட்டது. ஓட்மாரின் கண் கலங்கியிருந்தது. என் வாசிப்பைக் கேட்டு அந்தக் கண் ஒரு நாளும் கலங்கியதில்லை.

மூன்றாம் சரணத்துக்கு முன்னால் பியானோ மட்டும் வாசிக்கும் இரண்டு வரி உண்டு. அங்கே அந்தக் குளிர்ந்த கை திரும்பி வந்து என்னை மேலே இழுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இழுத்தேன். சுரங்கள் கோணலாக விழுந்தன. ஆஃப்ரா பாட்டை நிறுத்தினாள்.

"என்னாச்சு அக்கா?"

"ஒண்ணுமில்ல. விரல் வழுக்கிடுச்சு."

படுக்கப் போகுமுன் ஓட்மாரிடம் சொல்லிவிட்டேன். "இந்தப் பாட்டை இந்த வீட்டுல பாட வேண்டாம். என் கையை யாரோ பிடிக்கறாங்க. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹெர்மி, பொறாமையா?"

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்கறீங்க!"

"அந்தப் பொண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு நாள். உன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம வாசிச்சுக் கொடு."

நான் விளக்கை அணைத்தேன்.

காலையில் ஆஃப்ரா சமையலறையில் தனியாக உட்கார்ந்து, தேன் கலந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஏரிக்காத்து ஒத்துக்கல. தொண்டை ரணமா இருக்கு. கீழ் சுரமெல்லாம் வருது, கொஞ்சம் மேல போனாலே கத்தியால அறுக்கறாப்பல இருக்கு. நல்லவேளை, பாட்டு எனக்காகவே எழுதின மாதிரி தாழ்ந்து கிடக்கு. நீங்க மட்டும் என்னைக் கைவிட்டுடாதீங்க."

"கைவிட மாட்டேன்," என்றேன். சொல்லும்போது மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

மூன்று மணிக்கு அறுபது பேர். ஈரக் கோட்டுகள், இருமல், நாற்காலி சத்தம். வானொலிக்காரரின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்மார் முன்வரிசையிலிருந்து எழுந்து பாட்டின் கதையைச் சொல்லி முடித்து, "இதோ நம் ஆஃப்ரா" என்றார். என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்.

நான் பியானோ முன் உட்கார்ந்தேன். தாள் புரட்ட ஆள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

ஆனாலும் இடப்பக்க நாற்காலியில் ஆள் இருந்தது.

கடைக்கண்ணில் தெரிந்தது. கருப்பு உடுப்பு. கழுத்து வரை பொத்தான். வெளுத்த, ஒல்லியான கைகள். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

முதல் சரணம் போனது. ஆஃப்ரா ரணமான தொண்டையோடு பாடினாள், அதனாலேயே இன்னும் அழகாக இருந்தது. இரண்டாம் சரணம் போனது. ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. நான் தாளிலிருந்து நிமிர்ந்து ஓட்மாரைப் பார்த்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன புதிதில் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார்.

மூன்றாம் சரணத்துக்கு முன்னால் அந்த இரண்டு வரி வந்தது.

கற்பூர வாசனை நெருங்கியது.

பாட்டு என் கைக்குக் கீழே திரும்பி, மூன்று கட்டை மேலே ஏறியது. ஆஃப்ரா சட்டென்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, அறுபது பேர் பார்க்கிறார்கள். பியானோ எந்தச் சுருதி கொடுக்கிறதோ அதைத்தான் குரல் எடுக்க வேண்டும். எடுத்தாள். முதல் வரி. இரண்டாம் வரி. கழுத்து நரம்பு புடைத்தது. உச்ச இடம் வந்தது.

துணி கிழிவது போல ஒரு சத்தம்.

பிறகு அவள் வாய் மட்டும் திறந்திருந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தாள். அதில் சிவப்பாக ஒரு பொட்டு.

குரல் நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் மருத்துவர். தழும்பு விழுந்துவிட்டது. ஆஃப்ரா அதன் பிறகு பாடவில்லை. சால்ஸ்பர்க்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே கரகரவென்றுதான் பேசுகிறாளாம்.

என்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஓட்மாரே எல்லாரிடமும் சொன்னார்: "இருபது வருஷமா மேல வாசிச்ச கை. பழக்கதோஷம். பாவம் ஹெர்மி, அவ சரியாத் தூங்கறதுகூட இல்ல." சாகும்வரை என்னோடுதான் இருந்தார். அவர் போன பிறகு மேஜையைத் திறந்து பார்த்தேன். ஆஃப்ரா எழுதிய கடிதங்கள், இருபத்தேழு. ஒன்று விடாமல் படித்தேன். இந்த இடத்தில் மூச்சு எடுக்கலாமா, அந்த இடத்தில் வேகம் குறைக்கலாமா. பாட்டைத் தவிர ஒரு வரி இல்லை. நான் தேடியது கிடைக்கவில்லையே என்று கோபம்தான் வந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று மதியம் அந்த இரண்டு வரி வந்தபோது, என் கையை யாரும் பிடிக்கவில்லை. குளிரும் இல்லை, மோதிரம் உறுத்தவும் இல்லை. பக்கத்தில் இருந்தவள் தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் தூக்கினேன்.

நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அந்த வீட்டுப் பக்கமே நான் மறுபடி போகவில்லை. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாக லின்ட்ஸ் நகரத்தில் என் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்தான் வந்து கஞ்சி கொடுக்கிறாள். நேற்று அவள் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தாள். சென்சி எழுதியிருக்கிறாள்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். போன வியாழக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்திருந்தீங்க. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா கேக் பண்ணி வச்சிருப்பேன். பியானோ பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. வாசல்லேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல. வருத்தமாத்தான் இருந்துச்சு. காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டீங்க. கூட இருந்த கருப்பு உடுப்பு அம்மா உங்க அக்காவா? அச்சு அசல் உங்க சாயல். இன்னொண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அவ்வளவு நீளப் பெஞ்சுல ரெண்டு பேரும் ஒரு ஓரமா ஒட்டி உக்காந்துக்கிட்டு, மீதி இடத்தைக் காலியா விட்டு வச்சிருந்தீங்களே, இன்னும் யாராவது வரணுமா?"